ஒரு புல்லில் எத்தனை உயிர்?

புல்லுக்கும் மரத்துக்கும் உயிருண்டு, தொட்டால் உணரும் ஓரறிவு அவற்றுக்கு வாய்த்திருக்கிறது என்று தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்ததை ஏற்று, உயிர்கள் எண்ணிறந்தவை, அவை ஒவ்வொன்றும் தத்தம் வினைக்கேற்பத் தனித்தனிச் சரீரம் எடுக்கின்றன என்னும் சைவ சித்தாந்தக் கொள்கையையும் அதனோடு சேர்த்துச் சிந்திக்கிறவருக்கு, கடலடியில் வளரும் ஒரு புல் எளிதில் விடை சொல்ல முடியாத வினா ஒன்றை விடுக்கிறது: ஓர் உடல் எங்கே முடிகிறது, மற்றோர் உடல் எங்கே தொடங்குகிறது?

கடற்புற்கள் பாசிகள் அல்ல. நிலத்தில் வாழ்ந்து கடலுக்குத் திரும்பிய, வேரும் பூவும் விதையும் உடைய தாவரங்கள். அவை வமிசத்தைப் பெருக்கும் வழிகளில் ஒன்று, பூத்துக் காய்ப்பது. பாக் விரிகுடாவிலும் வளர்கிற எனாலஸ் என்னும் நீண்ட இலைப் புல்லில் அந்த அற்புதத்தைக் காணலாம்: நீருக்குள் பாளையில் செறிந்திருக்கும் நுண்ணிய வெண்ணிற ஆண் பூக்கள் காம்பிலிருந்து கழன்று, மேலெழும்பி, நீர்மட்டத்தில் மிதந்து, கடல் வற்றும் வேளையில் அம்மட்டத்தை எட்டி விரிந்திருக்கும் பெண் பூவின் இதழ்களிடையே போய்ச் சிக்கிக்கொள்கின்றன, சூல் கொண்டபின் பெண் பூவின் நெடுங்காம்பு சுருள்சுருளாகச் சுருங்கிக் காயை ஆழத்துக்கு இழுத்துக்கொள்கிறது. இப்படி உண்டான விதையில் புதிய ஜீவன் ஒன்று வந்து புகுந்தது என்று சொல்வதில் சிரமம் ஏதுமில்லை.

சிரமம் மற்றொரு வழியில் இருக்கிறது. அருகம்புல்லைப் போல மணலுக்குள் தண்டு ஓடி, கணுவுக்குக் கணு வேரும் தளிரும் விட்டுப் படர்வது அது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் பொசிடோனியா என்னும் கடற்புல்லின் தளிர்களைப் பல இடங்களில் சேகரித்து, 18,000 மரபுக் குறிகளை ஒப்பிட்டு நோக்கிய ஆராய்ச்சியாளர்கள், 180 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரந்து கிடந்தது ஒரே செடி என்று 2022-இல் அறிவித்தார்கள். அதன் தண்டு ஆண்டுக்கு 35 சென்டிமீட்டர் வரை நீளும்; அதற்குக் குறைந்தது 4,500 ஆண்டுகள் வயதிருக்க வேண்டும் என்பது அவர்கள் மதிப்பீடு. அதன் உறவுச் செடிகளில் 20 குரோமோசோம்கள் இருக்க, இதில் 40 இருக்கின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் பாதிப்பாதியாகப் பெறாமல், இருவருடைய முழுச் சொத்தையும் பெற்றுக்கொண்ட பிள்ளை அது.

இதைக் கேட்டவுடன், அத்வைதம் கடலடியில் நிரூபணமாயிற்று என்று மகிழ்ச்சியடைவாரும் உளர். அந்த அவசரத்தை நான் ஏற்கவில்லை. வேதாந்தம் பேசும் ஏகத்துவம் சகல சரீரங்களுக்கும் அப்பாற்பட்டது. இங்கே ஒன்றாயிருப்பதோ வெறும் சரீரம். அந்த ஒருமையும் நிலையானதன்று. தண்டின் இடைப்பகுதி அழுகிப்போனால் இருபுறமும் தனித்தனியே வாழ்கின்றன; அலை பெயர்த்தெறிந்த துண்டு வேறிடத்தில் வேர் பிடித்துவிடுகிறது. ஓர் உயிருக்கு ஓர் உடல் என்று கொண்டால், அந்தத் துண்டில் குடியிருப்பது யார்? பழைய உயிர் இரண்டாகப் பிளந்ததென்று சொல்ல இயலாது, ஏனெனில் ஆத்மா பிளவுபடாதது. புதிய உயிர் அந்தக் கணத்தில் வந்து புகுந்ததென்றால், அது எந்தக் கருவின் வழியே வந்தது?

இவ்வினாவுக்கு மிக அருகில் சென்றவர்கள் சமணர்கள் என்பது என் எண்ணம். தாவரங்களை, உயிருக்கோர் உடல் கொண்ட பிரத்தியேக சரீரமென்றும், ஓருடலை அனந்த ஜீவன்கள் பொதுவில் பகிர்ந்து வாழும் சாதாரண சரீரமென்றும் அவர்கள் பிரித்தார்கள். நேமிசந்திரர் பிராகிருதத்தில் இயற்றிய கோம்மடசாரம், வெட்டிய பின்னும் முளைப்பதைச் சாதாரண சரீரத்தின் அடையாளங்களில் ஒன்றாகக் கூறுகிறது. கடற்புல்லை அவர் கண்டிருக்க வேண்டியதில்லை. அவர் சொன்ன அடையாளம் அதற்கும் பொருந்துகிறது. துண்டில் உயிர் புதிதாக வந்து புக வேண்டியதில்லை, அங்கே முன்பே எண்ணற்றவை இருந்தன என்று கொண்டால் என் வினாவின் முடிச்சு அவிழ்கிறது.

அவிழ்ந்தபின் வருவது பாரமான விளைவு. 2010-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட கோடையில் கடல் வெப்பம் மிகுந்து, ஷார்க் விரிகுடாவின் கடற்புல் படுகைகளில் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் சேதமுற்றது. அங்கே கருகிய ஒவ்வொரு பிடிப் புல்லிலும், சமணர் கணக்குப்படி, அனந்த ஜீவன்கள் தம் வாசஸ்தலத்தை இழந்தன. பாக் விரிகுடாவின் தரையைச் சுரண்டிச் செல்லும் இழுவை மடியும் அதே கணக்கில் சேர்கிறது.