ஜெயித்த ஆட்டம் யாருடையது?

தோற்றுப்போனால் காரணம் தேடுகிறோம். ஜெயித்தால் யாரும் தேடுவதில்லை. ‘ஜெயிச்சாச்சு, அப்புறம் என்ன?’ என்று பரிசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் நம் நேர்மைக்குப் பரீட்சை வெற்றிக்குப் பிறகுதான் வருகிறது.

நான் ஜோர்ஜ் டவுனில் ஒரு கிளப்பில் சதுரங்கம் ஆடுபவன். அண்மையில் ஒரு போட்டியில் கடைசிச் சுற்றை வென்று முதலிடம் பெற்றேன். அந்த ஆட்டத்தைக் குறிப்புகளோடு எழுதித் தரச் சொன்னார்கள்; சிறுவர் வகுப்பில் பாடமாக வைக்கப் போகிறார்களாம். நகர்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆனாலும் எதிராளி தன் யானையை விடாமல் வைத்துக் காத்திருந்தால் ஆட்டம் டிராதான். அவரோ யானைகளை மாற்றிக்கொண்டார். அதோடு கதை முடிந்தது. அப்படியென்றால் வெற்றி என்னுடையதா, அவர் கொடுத்ததா?

இதே கேள்வியைப் பெரிய மேடையிலும் கேட்டார்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர் செந்தோசா. உலகச் சதுரங்கப் போட்டியின் 14-ஆவது ஆட்டம். சென்னை குகேஷும் சீனாவின் டிங் லிரனும் ஆளுக்கு 6.5 புள்ளி. டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டங்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். இருந்தும் டிங் தாக்குப்பிடிக்கக்கூடிய நிலைதான். 55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை மாற்றினார். மூலையில் நின்ற மந்திரியையும் மாற்ற வைத்தார். மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் டிங்குக்கு வழியில்லை. 58-ஆவது நகர்வோடு முடிந்தது. 18 வயதில் குகேஷ் உலக வெற்றியாளர்!

‘டிங் தூக்கிக் கொடுத்துட்டாரு’ என்றார்கள் சிலர். அது பாதி உண்மை. அந்தத் தவறைக் குகேஷ் செய்ய வைக்கவில்லை. ஆனால் ‘சரி, டிராதானே’ என்று கை கொடுக்காமல், தவறு நேரக்கூடிய நிலையை மணிக்கணக்காகக் காத்து வைத்தவர் அவர்தான். தவறு எதிராளியுடையது, பொறுமை குகேஷுடையது. வெற்றிக் கணக்கில் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.

‘பட்டியலில் ஒரு புள்ளி ஒரு புள்ளிதானே, நம் பெருமையை நாமே ஏன் குறைச்சுக்கணும்?’ என்று கேட்கலாம். பட்டியலுக்கு அது போதும். ஆனால் அடுத்த ஆட்டத்தைப் பட்டியல் ஆடப்போவதில்லை. ‘என் திட்டம்தான் அவரை வீழ்த்தியது’ என்று எழுதினால், ஒரு 10 வயதுப் பிள்ளை அந்தத் திட்டத்தை நம்பி இன்னொரு பலகையில் உட்காரும். பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளை. அதற்காக ‘எல்லாம் அதிர்ஷ்டம்’ என்று எழுதினாலும் பொய்தான். பொறுமைக்குப் பலனில்லை என்று அது சொல்லிக்கொடுக்கும். தன்னடக்கம்கூடச் சில சமயம் பொய் பேசும்.

ரஷ்ய மேதை மிகாயில் போட்வின்னிக், ஆட்டக்காரர் தம் ஆட்டங்களை ஆராய்ந்து அச்சில் வெளியிட வேண்டும் என்றார். பிறர் பார்த்துக் குறை சொல்ல முடியுமல்லவா? தேர்வில் எடுத்த ‘ஏ’, வேலையில் கிடைத்த உயர்வு, இவற்றுக்கும் அப்படி ஒரு குறிப்பு எழுதிப் பாருங்கள், தம்பி தங்கைகளே. எது என் உழைப்பு, எது அடுத்தவர் சறுக்கல், எது யார் கையிலும் இல்லாதது?

என் குறிப்பில் அந்த நகர்வுக்குப் பக்கத்தில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: ‘இதுவரை டிரா. யானைகளை மாற்றாமல் வெள்ளை எப்படிக் காப்பாற்றியிருக்கலாம்? கண்டுபிடியுங்கள்.’