போதிக்காத போதகர்

1935இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் குருவானவர் நடத்திய முதல் அடக்க ஆராதனை, 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு. பூப்பெய்தியதை ஏதோ பால்வினை நோய் என்று அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டவள் அவள். கேட்டிருந்தால் எந்தப் பெண்ணும் இரண்டு வாக்கியத்தில் விளக்கியிருப்பாள். பேராலயம் இருந்த ஊரில், அவள் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

1953 நவம்பரில், லண்டன் வால்புரூக் ஆலயத்தின் குருவாக இருந்த வாரா, சாக நினைப்பவர்கள் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கும் சட்டம் அங்கே 1961 வரை இருந்தது. வாராவைப் பார்க்கப் பலர் நேரிலும் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தார்கள் தன்னார்வலர்கள். அவர்களிடம் மனம்விட்டுப் பேசியபின் பலருக்குக் குருவானவரே தேவைப்படவில்லை. வாரா அதைக் கவனித்தார்; 1954இல் அழைப்புகளைக் கேட்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார். பேச வருபவரிடம் மதம் போதிக்கக் கூடாது என்பது விதியாயிற்று.

ஒரு பத்திரிகை அவர்களை நல்ல சமாரியர் என்றது. 'சமாரியர்' என்பதே அமைப்பின் பெயராக நிலைத்தது. லூக்கா சுவிசேஷத்தின் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போகிறான் ஆசாரியன். இங்கே ஆசாரியர் விலகியது சமாரியருக்கு வழிவிட.

நம் சபைகளிலும் யாரையும் வரவேண்டாம் என்று சொல்வதில்லை. வந்தபின் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு பெண் தன் வீட்டுத் துயரத்தைப் போதகரம்மாவிடம் அழுது சொன்னால், மறுநாள் அது ஜெபக்குறிப்பாகித் தெருவெல்லாம் தெரிந்துவிடுகிறது. மனச்சோர்வு என்றால் விசுவாசக் குறைவு என்கிறோம். கண்ணீர் ஓய்ந்தால் அதைச் சாட்சியாக மேடையேற்றுகிறோம். அன்பு உண்மைதான், கூடவே ஆத்தும ஆதாயக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. துயரப்பட்டவருக்கு அந்தக் கணக்கு சீக்கிரம் புரிந்துவிடும். அடுத்த முறை 'கர்த்தர் கிருபையால் நலம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பிலும் தன்னார்வலர்கள்தான் கேட்கிறார்கள். அழைப்பவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்பது அங்கே பொருட்டல்ல.

நிபந்தனையற்ற ஏற்பிலும் நிபந்தனைகள் உண்டு; அத்தனையும் ஏற்பவருக்கு உரியவை. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. திருத்த அவசரப்படக் கூடாது. வந்தவர் மறுபடி ஆலயப் படி ஏறாமலே போனாலும், செய்த ஊழியம் வீணென்று நினைக்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் ஊழியக்காரருக்கு மிகக் கடினம்.