செபத்தில் ‘எங்கள்’

இயேசு கற்பித்த செபத்தில் ‘நான்’ என்னும் சொல் இல்லை. அன்றாட உணவும் ‘எங்களுக்கு’ என்றே வேண்டப்படுகிறது. அந்த ‘எங்கள்’ யாவர்? ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் வாழும் கிறித்தவப் பெற்றோர்க்கு இவ்வினா எளிதன்று. பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடியேயான லயத்து அறையில் நிகழும் மாலைச் செபம், சுவருக்கு அப்பால் மாரியம்மனை வழிபடும் அயலவர்க்கும் கேட்கும். அங்கே அடுப்பெரியாத நாளில், தன் பிள்ளைக்கு மட்டும் உணவு வேண்டும் தாயின் செபம் தன் சொல்லையே மறுக்கிறது. பிள்ளை செவியால் மட்டும் செபம் கற்பதில்லை. பகிரும் கையைக் கண்டும் கற்கிறது. பகிர்தல் மட்டும் போதுமோ? 1,000 ரூபா நாட்சம்பளம், பல்லாண்டுக் கூட்டுக் கோரிக்கையின் பின்னரே 2021 இல் கிடைத்தது. ஆதலின், அயலவரோடு சேர்ந்து நியாயம் கேட்கவும் பிள்ளைக்குக் கற்பிக்காத குடும்பச் செபம், பாதியில் நின்ற செபமேயாம்.