துருவுக்கு மேலே தார்

"தம்பி, மேலாப்ல ஒரு தகட்ட வச்சு ஒட்டி, அடியில தார அடிச்சு விடு. எப்படியும் விக்கப்போற வண்டிதான்." பழைய அம்பாசிடர் வந்து நிற்கிற டிங்கர் பட்டறைகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. இன்று ஓடுகிறவை எல்லாமே வயதானவை. தரைத்தகடு பொரிந்துபோனவை அவற்றில் ஏராளம். கேட்பவர் காசு கொடுக்கிறார், செய்பவர் கூலி வாங்குகிறார். இருவருக்கும் சம்மதம் என்றால் இதில் என்ன தப்பு?

சம்மதம் கேட்கப்படாத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அந்தக் காரை நாளைக்கு வாங்குகிறவர். அதன் பின்சீட்டில் உட்காரும் பிள்ளை. அம்பாசிடருக்குத் தனியாக சேசிஸ் கிடையாது. பாடியே பாரம் தாங்குகிறது, தரையும் அதில் ஒரு பங்கைச் சுமக்கிறது. துருவின் மேல் தார் பூசினால் துரு சாகாது. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் தின்னும்.

ஒழுங்கான வேலை வேறு மாதிரி. பேட்டரியைக் கழற்ற வேண்டும். அடியில் ஓடும் பெட்ரோல் குழாயை அப்புறப்படுத்த வேண்டும். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்கும், செத்த தகடு பொத்தென்கும். நல்ல இரும்பு தென்படும்வரை வெட்ட வேண்டும். மேலே உள்ளங்கை அகலம் தெரிந்த ஓட்டை, வெட்டி முடித்தால் இரண்டு சாண் ஆகிவிடலாம். பிறகு புதுத்தகடு, நெளியாமல் இருக்க விட்டுவிட்டுப் பற்றவைப்பு, இணைப்பில் தண்ணீர் புகாதபடி அடைப்பு, ரெட் ஆக்சைடு.

எவ்வளவு வெட்டணும் என்பது யாருக்குத் தெரியும்? கண்ணில் துருத்தூள் விழ, காருக்கடியில் மல்லாந்து கிடப்பவருக்கு. முடிவெடுப்பதோ மேலே நிற்பவர். "வெட்டிப் பாத்தாத்தான் சார் தெரியும்" என்று கீழேயிருந்து சொன்னால், "காசு புடுங்கப் பாக்குறான்" என்றுதான் மேலே கேட்கிறது. தரை ஓட்டை விழுந்த பிறகு பழி மட்டும் தப்பாமல் கீழே வரும்: "டிங்கர் சரியில்ல."

அப்படியானால் தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. "இது தாங்காது" என்று வாய்விட்டுச் சொல்வது அவர் கடமை. அதற்குமேல் வேலையை மறுக்கச் சொல்கிறோமே, அன்றைய அடுப்பு எப்படி எரியும்? மறுக்க வழியில்லாதவரிடம் நேர்மையை மட்டும் வசூலிப்பது அறமல்ல. "தாங்காது" என்று கேட்ட பிறகும் பூசச் சொன்னவர்தான் அந்தத் தாருக்கு முதல் பொறுப்பாளி. அவருக்கு முன்னால் இரண்டே வழி: நல்ல வேலைக்கு முழுக்கூலி கொடுப்பது, இல்லையென்றால் ஓட்டையைக் காட்டியே விற்பது.