விழிப்பும் விருப்பமும்

1916ஆம் ஆண்டளவில் தொடங்கி 1920களின் பிற்பகுதி வரை உலகெங்கும் பரவிய உறக்க மூளையழற்சிக்குத் தப்பிய பலர், பின்னர் பாக்கின்சன் நோயை ஒத்த நிலையில் பல பத்தாண்டுகள் அசைவற்றுக் கிடந்தனர். 1969இல் நியூயோர்க் நகர வைத்தியசாலையொன்றில் வைத்தியர் ஒலிவர் சாக்ஸ் அத்தகையோருக்கு லெவோடோபா என்னும் மருந்தை அளித்தார். மூளையிற் குன்றிய டோபமின் என்னும் பொருளை ஈடுசெய்யும் அம்மருந்தால் அவர்கள் பேசினர், நடந்தனர். ஆயினும் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், கட்டுக்கடங்கா அசைவுகளும் மனக்கிளர்ச்சியும் பலரைப் பற்றின. சிலர் பழைய நிலைக்கே மீண்டனர்.

நிலையாத விழிப்பைத் தருதல் அறமாகுமா? அது துன்பத்தை இருமடங்காக்கும் கொடுமையே என்பர் ஒருசாரார். ஒருமுறை இழந்தவன், மீளப் பெற்று, மறுமுறையும் இழக்கின்றான். இவ்வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், அது ஒன்றை மறந்துவிடுகின்றது. அசைவற்றுக் கிடந்தோரிற் பலரிடம் அவர்தம் விருப்பத்தை வினவவே இயலாதிருந்தது. மருந்து தந்த முதற்கொடை நடையன்று. ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ எனக் கூறும் ஆற்றலேயாகும். அவ்வாற்றலை அளிக்க மறுப்பவர் மௌனத்தையே சம்மதமெனக் கொள்கின்றார்.

இன்றும் பாக்கின்சன் நோய்க்கு லெவோடோபாவே முதன்மையான மருந்தாகும். நரம்புக் கலங்களின் அழிவை அது தடுப்பதில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல, ஒவ்வொரு வேளை மருந்தின் பயனும் நிலைக்கும் நேரம் குறுகுகின்றது. ஆகவே, மருந்தளிப்பதோடு வைத்தியரின் கடமை முடிந்துவிடுவதில்லை. மீண்ட குரல் அம்மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டுமாயின், அதற்குச் செவிசாய்த்தலே அவ்விழிப்பை அறமாக்கும்.