அபயக் கையும் தீ ஏந்திய கையும்

விளக்கை அணைத்ததும் அழும் பிள்ளையிடம் "சாமி இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது சரியா? பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களிலிருந்து ஈப்போவின் தாமான் குடியிருப்புகளுக்கு வந்த குடும்பங்களில் இந்தக் கேள்விக்குத் தனி வரலாறு உண்டு. லயத்து வீட்டில் பிள்ளைகள் பெரியவர்களோடு நெருக்கியடித்துப் படுத்தார்கள். இன்று தனி அறை. அன்றைய பயத்துக்குக் காரணங்களும் இருந்தன. விடியுமுன் தாய் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போய்விடுவாள், பிள்ளைக்கு ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைதான். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் துரைகள் மூவர் கொல்லப்பட்டதும் வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த இருட்டில் ஒன்றும் ஆகாது என்று யாரும் உறுதி சொல்லியிருக்க முடியாது. தோட்டத்து எல்லையில் காவல்தெய்வமாக முனீஸ்வரரை வைத்துக் கும்பிட்டவர்கள் ஆபத்து உண்டென்று அறிந்தே காவல் கேட்டார்கள்.

நடராசர் திருமேனியும் இதையே சொல்கிறது. முன் வலக்கை அபயம் காட்டுகிறது, பின் இடக்கையில் தீ எரிகிறது. அபயம் தருவதற்காக அவர் தீயை அணைக்கவில்லை. ஆகவே பிள்ளைக்கு நாம் தர வேண்டிய வாக்கு, "பயமா இருக்கா? நான் பக்கத்துல இருக்கேன், முருகனும் இருக்கான்" என்பதே. பயத்தை மறுத்தால் பிள்ளை அதோடு தனித்து விடப்படுகிறது. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்புக்கும் காவல் வேண்டுகிறது. அதைக் கேட்கும் பிள்ளையின் கவனம் இருட்டிலிருந்து தன் உடலுக்குத் திரும்பும். ஆனால் அதே கவசத்தில் பிள்ளைகளைத் தின்னும் முனியும் வருகிறது. ஐந்து வயதுக்கு அந்தப் பகுதி வேண்டாம் என்பேன்.

இதெல்லாம் மூடநம்பிக்கையை ஊட்டுவது என்பார்கள் பகுத்தறிவாளர்கள். 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்துபோன காலத்திலிருந்தே இங்கு வலுவாக ஒலிக்கும் குரல் அது. அதில் பாதி நியாயம் இருக்கிறது: பகலில் "முனி புடிச்சிக்கும்" என்று மிரட்டிச் சோறூட்டிவிட்டு இரவில் திருநீறு பூசுகிறவர்கள், காவல்தெய்வத்தையே பூச்சாண்டி ஆக்குகிறார்கள். அந்த மிரட்டல்தான் முதலில் நிற்க வேண்டும். உளவியலாளர்களின் மறுப்பு இன்னும் கூர்மையானது. திரும்பத் திரும்பத் தேற்றினால் பதற்றம் வளரும். திருநீறு ஒருமுறை, பிறகு மூன்றுமுறை என்று சடங்கு நீளும். உண்மைதான். அதனால் அளவு வேண்டும்: ஒரு கீற்று, ஒரு பாட்டு, சிறிது நேரம் பக்கத்தில் இருப்பது, பின் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வருவது. மறுபடி கூப்பிட்டால் போய்ப் பார்க்கலாம், சடங்கைப் புதிதாகத் தொடங்கக் கூடாது. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டுப் பள்ளிக்குப் போகவும் பிள்ளை தயங்கினால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். நெற்றியில் திருநீறோடே போகலாம்.