சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தோர்

சீடர்: ஐயா, மலேசியாவில் கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோல சிலாங்கூர் செல்லும் சாலையை ஒட்டி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்தன என்பதும், 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர் என்பதும் நூல்களால் அறியப்படுபவை. தலைமுறைகளாகப் பணிந்து வாழ்ந்தோருள் சிலர் பணிய மறுத்தது எதனால்? அது பிறவிக் குணமா?

குரு: முதலில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும், தம்பி. சூழ இருப்போர் செய்வதையே தானும் செய்வது இணங்குதல். அதிகாரம் உடையவர் ஏவியதைச் செய்வது கீழ்ப்படிதல். தோட்டத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோரும் ஒடுங்கி நிற்கையில் ஒருவர் மட்டும் நிமிர்ந்து நின்றால், அவர் தோட்ட நிருவாகியான வெள்ளைத் துரையை மட்டும் மீறுவதில்லை. அருகில் நிற்கும் உறவினரின் அச்சத்தையும் மீறுகிறார். வேலை போனால் தோட்டம் தந்த லயத்து வீடும் போகும் என்பதால் அந்த அச்சம் பொருளற்றதும் அன்று. சைக்கிளில் செல்லும் தொழிலாளி துரையையோ தோட்ட அலுவலரையோ கண்டவுடன் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் இந்த அச்சத்தின் மீதே நிலைத்தது. நாளடைவில் எவரும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. துரையின் தலை தெரிந்ததும் கால் தானாகத் தரையில் ஊன்றியது.

சீடர்: அப்படியானால் அதை மறுத்தவர் மற்றவரினும் துணிவு மிக்கவர் என்பதுதானே விடை?

குரு: அவ்விடை பாதி உண்மையே. அமெரிக்க உளவியல் அறிஞர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனையில், முன்னரே சொல்லிவைக்கப்பட்ட பலர், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கோடுகளின் நீளத்தை ஒரே குரலில் தவறாகச் சொல்ல, உண்மையறியாது அமர்ந்திருந்தவருள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஒரு முறையேனும் அத்தவற்றுக்கு இணங்கினர். ஆனால் சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்தபோது அந்த இணக்கம் பெருமளவு சரிந்தது. ஏல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்தி 1963இல் வெளியிட்ட ஆய்வில், ஏவுபவரின் சொல்லுக்குப் பணிந்து, அடுத்த அறையில் இருப்பவருக்கு 450 வோல்ட் மின்னதிர்ச்சி தருவதாக நம்பியே பொத்தானை அழுத்தியோர் 40 பேரில் 26 பேர். உடனிருந்த இருவர் நடுவில் எழுந்து மறுத்த வேறொரு சோதனையில் அந்த எண்ணிக்கை 40இல் 4 ஆயிற்று. மனிதர் அதே வகையினர்தாம். மாறியது அவர்கள் கண்ட காட்சி.

சீடர்: தோட்டத்தில் அந்தக் காட்சியைக் காட்டியவர் யார்?

குரு: கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், அதை வழிநடத்திய ஆர். எச். நாதனும். சங்கம் முன்வைத்த கோரிக்கைகளைக் கூர்ந்து நோக்கினால் இது விளங்கும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி ஆகியவற்றோடு, சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும் அவற்றுள் இருந்தன. இறுதியாகச் சொன்னது சிறியதாகத் தோன்றினும் ஆழமானது. வேலி அடைத்த தோட்டத்தில் துரையின் கண்ணே ஒருவரின் மதிப்பை அளக்கும் ஒரே கண்ணாக இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து சமமாக அமர்ந்து பேசும்போது வேறோர் அளவுகோலும் உள்ளே வந்துவிடுகிறது. தொழிலாளர் பலர் காந்தி குல்லாய் அணிந்து வேலைக்கு வந்ததும் இவ்வாறே பொருள்படும்: குல்லாய் அணிந்த ஒவ்வொருவரும், ‘இங்கே துணை உண்டு’ என்று அடுத்தவருக்குக் காட்டினர். துரைமார் அதைக் கண்டு சினந்தது வியப்பன்று.

சீடர்: கூலி உயர்வுக்காகவே அவர்கள் எழுந்தனர் என்று கூறுவோர் உளரே?

குரு: கூலி சிறிது உயர்த்தப்பட்ட பின்னரும், மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானபோது வேலைநிறுத்தம் மீண்டும் மூண்டு முன்னினும் பரவியது. வயிறு மட்டும் காரணமாயின் இது நிகழ்ந்திராது. அரசு படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

சீடர்: எழாமல் இருந்தோரைக் கோழைகள் எனலாமா, ஐயா?

குரு: கூடாது. மறுப்பு துணையால் வளர்வதென்றால், துணை கிட்டாத ஒருவர், குழந்தைகளோடு லயத்தில் இருந்துகொண்டு சைக்கிளிலிருந்து இறங்கியதற்காக அவரைப் பழிப்பது அறமாகாது. தொழிலாளர் ஒருவரையொருவர் துணையாகக் காண முடியாதபடி வேலியடைத்து வைத்த தோட்ட நிருவாகமும், அந்த வேலியைப் படைகொண்டு காத்த அரசுமே பழிக்கு உரியவை.